பிலேமோன் இரண்டாம் அதிகாரம்

"கிறிஸ்தவக் குடும்பம் என்பது பரலோகத்தின் முன்வராந்தா. அங்கே பொய்க்குச் செருப்பைக் கழற்றி வைக்கக்கூட இடமில்லை."

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஜேசுராஜ் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நான்காவது தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்து சன்னலோரமாகக் கொட்ட ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்திவிட்டீர்களா என்று மனைவி தங்கம் அடுப்படியிலிருந்து மூன்று தடவை கேட்டிருந்தாள். மூன்று தடவையும் "நிறுத்திட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஜேசுராஜுக்கு ஐம்பத்து நான்கு வயது. மிஷன் பள்ளியொன்றில் உதவித் தலைமையாசிரியர். இருபத்திரண்டு வருஷமாகக் காலை வணக்கத்தில் ஜெபம் செய்பவர் அவர்தான். ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களில்கூட அவர் குரல் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் போகும். விளாங்குடியில் அவர்கள் இருந்த தெருவில் ஐப்பசி மழை இன்னும் தேங்கி நின்றபோதே, மற்ற வீடுகளுக்கெல்லாம் முந்தி, அவர் வீட்டு வாசலில்தான் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கிற்று. மழையில் அதன் ஒரு முனை நமுத்துப்போய் வளைந்திருந்தது. மற்ற நான்கும் திடமாக இருந்தன.

வருகிற ஞாயிறு, நவம்பர் முப்பது, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்குச் சபையில் 'முன்மாதிரிக் குடும்பம்' என்று ஒரு குடும்பத்தை முன்னால் அழைத்து நிறுத்துவார்கள். குடும்பத் தலைவர் தன் குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு குடும்பமாகச் சேர்ந்து முதல் மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும். இந்த வருஷம் ஜேசுராஜின் குடும்பம். அந்தச் சாட்சியைத்தான் அவர் டைரியில் எழுதி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார். உசிலம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் தங்கத்தின் தம்பி தை மாதம் தவறாமல் கொடுத்தனுப்பும் டைரி அது. கறுப்பு அட்டை, நல்ல கனம், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு. பரலோகத்தின் முன்வராந்தா, பருத்தியில் காய்ப்புழுவுக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்பதற்குக் கீழே இருந்தது.

இந்தப் பெருமை எப்படி வந்தது என்றால், ஒரு கையேட்டால் வந்தது. போன வருஷம் இதே ஞாயிற்றில் சபை ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'குடும்ப வாசிப்புக் கையேடு' என்று ஒன்று கொடுத்தது. தினமும் எந்த அதிகாரம் வாசிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் 'இன்று எங்களைத் தொட்டது' என்று போட்டு ஒரு வரி காலியாக விட்டிருக்கும். இரவு குடும்பமாக உட்கார்ந்து வாசித்து, அந்த வரியை நிரப்ப வேண்டும்.

ஜேசுராஜ் வீட்டில் முதல் ஒன்பது நாள், மகள் ஷெரினின் போனைப் பார்த்து, வாசித்தார்கள். பத்தாம் நாள் தங்கத்துக்குத் தலைவலி. பதினோராம் நாள் ஷெரினுக்குக் கல்லூரியில் பரீட்சை. அதற்குப் பிறகு யாரும் காரணம் சொல்லவில்லை. ஆனால் ஜேசுராஜ் வரிகளை விட்டுவிடவில்லை. சனிக்கிழமைதோறும், விடைத்தாள் திருத்துகிற வேகத்தில், வாரத்துக்கு ஏழு வரி எழுதி முடித்தார். 'தொட்டது', 'அசைத்தது', 'நொறுக்கியது', 'தேற்றியது' என்று வினைச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டார். உண்மை போல இருக்க வேண்டுமென்று ஒன்பது நாளுக்கு ஒரு முறை 'ஷெரின் கண் கலங்கினாள்' என்று சேர்த்தார். முழுவதும் நிரம்பிய கையேட்டைப் புதன்கிழமை ஆயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவருக்கே அது கொஞ்சம் தொட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹாலாஸ்யம் வந்தார்.

ஹாலாஸ்யம் டவுனில் ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பென்சில் இல்லாமல் அவரால் கல்யாணப் பத்திரிகைகூடப் படிக்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிறிஸ்துமஸுக்கு, கேக் தட்டோடு அவருக்கு ஒரு பைபிளும் கொடுக்க வேண்டுமென்று ஜேசுராஜ் தீர்மானித்தார். வாங்கிச் சுற்றிக் கொடுக்கிற வேலையைத் தங்கத்திடம் விட்டார். போன வருஷம் கையேட்டிலும் ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்தார். ஓர் ஆத்துமா தன் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கனிந்துகொண்டிருக்கிறது என்று சபையில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தார். ஹாலாஸ்யத்துக்குக் கனிகிற யோசனை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுத்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிப்பது அவர் வழக்கம். அவ்வளவுதான்.

"ஒரு சின்ன சந்தேகம், சார்," என்று அவர் பைபிளை மடியில் விரித்தார். "கையேட்டுல நவம்பர் பதினாலாம் தேதிக்கு 'பிலேமோன் 1, 2'ன்னு போட்டிருக்கு. என் பிரதியில பிலேமோன் ஒரே ஒரு அதிகாரம்தான். உடனே எபிரெயர் ஆரம்பிச்சுடறது. பக்கம் விட்டுப்போச்சோன்னு பார்த்தேன், எண்ணெல்லாம் சரியா இருக்கு. உங்காத்துப் புஸ்தகத்தைக் கொஞ்சம் கொடுங்கோ. அந்த ரெண்டாம் அதிகாரத்தைக் கையால எழுதிண்டு தந்துடறேன்."

வகுப்பில் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் ஜேசுராஜ். பழைய பதிப்புகளில் சில இடங்களில் அப்படித்தான், நம்முடையதில் கட்டாயம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே டிவிக்கு மேலே இருந்த பைபிளை எடுக்கக் கையை நீட்டினார். கறுப்பு ஜிப் உறை போட்ட பைபிள். ஞாயிறுதோறும் அவர் கக்கத்தில் போய், கக்கத்தில் திரும்பி வருவது. வசனமெல்லாம் இப்போது கோயிலில் திரையிலேயே வந்துவிடுவதால் ஜிப்பைத் திறக்க வேலை வருவதில்லை.

அதற்குள் தங்கம் காபியோடு குறுக்கே வந்து நின்றாள். கரண்ட் போகிற நேரம், இருட்டில் எதைப் பார்ப்பது, நாளைக்கு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்த ஜிப் வேறு துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது, இழுத்தால் கிழிந்துவிடும் என்றாள்.

"அதுவும் சரிதான். இன்னொண்ணு," என்றார் ஹாலாஸ்யம், பைபிளின் முதல் பக்கத்தைத் திருப்பி. "இங்க கலர் காகிதம் ஒட்டியிருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா உள்ள ஏதோ கல்யாணத் தேதி மாதிரி எழுத்து தெரியறது."

"கடைக்காரன் ஒட்டியிருப்பான், மாமா," என்றாள் தங்கம். "காபி ஆறுது."

ஜேசுராஜின் காதில் இது எதுவும் விழவில்லை. ஹாலாஸ்யம் போனதும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, போனில் பிலேமோனைத் தேடினார். இருபத்தைந்து வசனம். அதோடு சரி. வாசிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு தடவை வாசித்தார், எங்காவது இரண்டாவது அதிகாரம் முளைத்துவிடுமா என்று. முளைக்கவில்லை. நவம்பர் பதினாலுக்குத் தான் எழுதிய வரி அப்போது ஞாபகத்துக்கு வந்தது. புதன்கிழமை கையேட்டைக் கொடுக்கிற அவசரம். மூன்று வார வரிகளை ஒரே உட்காரலில் எழுதியிருந்தார்.

'பிலேமோன் இரண்டாம் அதிகாரம் எங்கள் குடும்பத்தை மிகவும் நொறுக்கியது. வாசிக்கையில் ஷெரின் கண் கலங்கினாள்.'

கையில் போனைப் பிடித்தபடி அவர் கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்தார். முந்நூறு பேர் வருகிற சபை. பள்ளி நிர்வாகத்திலிருந்து நாலு பேர் அதே சபை. திங்கட்கிழமை காலை வணக்கத்தில் ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணை மூடி நிற்க வேண்டும். மூடின கண்ணைத் திறக்கும்போது எத்தனை பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள்?

சனிக்கிழமை காலையில் மழையோடு மழையாக ஆயர் வீட்டுக்குப் போனார். கையேட்டில் ஒரு தேதி தப்பாக விழுந்துவிட்டது, திருத்திக் கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்வது திட்டம். ஆயர் ஜெய்சன் முப்பத்தைந்து வயதுக்காரர். எப்போதும் சிரித்த முகம். சாவு வீட்டிலும் அதே முகம்தான் என்பதால், அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று சபையில் யாருக்கும் தெரியாது.

மேசையில் கையேடுகள் அடுக்கியிருந்தன. மேலாக ஜேசுராஜினுடையது, நடுவில் ஓர் அட்டை செருகி.

"நேத்து ராத்திரி பூராவும் உங்களுதத்தான் சார் படிச்சேன்," என்றார் ஆயர். "நாளைக்கு நீங்க சாட்சி சொல்லுறதுக்கு முன்னாடி இதுலருந்து ஒரு வரிய நான் வாசிக்கப் போறேன். எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

ஆயர் அட்டை செருகியிருந்த பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். நவம்பர் பதினாலு.

"வேற ஏதாவது..." என்று ஜேசுராஜ் ஆரம்பித்தார். குரல் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் போகிற குரலாக இல்லை.

"கூச்சப்படாதீங்க. ஒரு பொண்ணு கண் கலங்கினத எழுதுறதுக்குத் தைரியம் வேணும் சார்." ஆயர் சிரித்தார். "என்ன இம்புட்டு வேர்க்குது உங்களுக்கு, இந்த மழையில?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அவர் கூடவே வந்தது. ஆயருக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் வலையை விரிக்கிறார் என்று ஒரு தெரு நடந்தார். ஆயருக்குத் தெரியாது என்று அடுத்த தெரு நடந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. ஆயருக்குத் தெரியாவிட்டாலும் பெர்சி டீச்சருக்குத் தெரியும். நாற்பது வருஷம் வேதபாட வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவர், எண்பத்தொரு வயது, முன்பெஞ்சில் உட்காருகிறவர். யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர் பெயர் விட்டுப்போனதற்காக ஜேசுராஜைச் சின்ன வயதில் பெஞ்சு மேல் ஏற்றியவர். தண்ணீர் தேங்கிய சந்தின் நடுவில், எந்தப் பக்கம் காலை வைப்பது என்று தெரியாமல், ஜேசுராஜ் ரொம்ப நேரம் நின்றார். சைக்கிளில் போன ஒருவர், பள்ளம் எதுவும் இல்லை, தைரியமாக நடங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. தங்கம் கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி நறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, ஆயரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடச் சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, காய்ச்சல் என்று சொல்லி நாளைக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்றாள். கடைசியில் அவர் ஷெரினிடம் போய் நின்றார். யாராவது கேட்டால், லேசாக அழுததாகச் சொல்லிவிடம்மா, பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்றார்.

"பதினாலாந்தேதி நான் ஊர்லயே இல்லப்பா. காலேஜ்ல தூத்துக்குடி கூட்டிட்டுப் போயிருந்தாங்க. நீங்கதான பஸ் ஏத்தி விட்டீங்க?"

ஜேசுராஜ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் மாசம் ரெண்டு பேப்பர் போச்சுல்ல. நாலு நாள் அழுதேன், அந்த ரூம்ல. கதவு தெறந்துதான் இருந்துச்சு. அந்த நாலு நாளுக்கு என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பாத்தேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "'குடும்பமாய் மகிழ்ந்து பாடினோம்'னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு வந்து நிக்கிறேன்ப்பா. ஆனா மைக்கக் குடுத்தாங்கன்னா, பொய் சொல்ல மாட்டேன்."

அதுவரைக்கும் முந்நூறு பேருக்குப் பயந்துகொண்டிருந்தவர், அதற்குப் பிறகு ஒரு ஆளுக்குப் பயந்தார். அது குறைவாக இல்லை.

ஞாயிறு காலையில் மழை விட்டிருந்தது. கோயில் நிறைந்திருந்தது. ஊதா நிறத் துணி, வட்டமாக இலைகள், நான்கு மெழுகுவர்த்தி. கடைசி பெஞ்சில், வெள்ளை வேட்டி கட்டி, மடியில் பைபிளோடு ஹாலாஸ்யம். ஜேசுராஜ் வியாழக்கிழமை தானே நேரில் போய்க் கூப்பிட்டது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. இடது கக்கத்தில் ஜிப் உறையை இறுக்கிக்கொண்டார். பட்டுப்புடவையில் தங்கம். சலனமில்லாத முகத்தோடு ஷெரின். மூன்று பேரும் ஆயருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

ஆயர் கையேட்டை உயர்த்திக் காட்டினார். முந்நூற்று அறுபத்து நான்கு நாள், ஒரு நாள் விடாமல் என்றார். பிறகு அட்டை செருகியிருந்த பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

"பிலேமோன் இரண்டாம் அதிகாரம் எங்கள் குடும்பத்தை மிகவும் நொறுக்கியது. வாசிக்கையில் ஷெரின் கண் கலங்கினாள்."

ஜேசுராஜ் பெர்சி டீச்சரைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டீச்சர் நிமிர்ந்தார். ஜேசுராஜின் முழங்கால் பெஞ்சு மேல் ஏறத் தயாராயிற்று.

"ஆமென்," என்றார் பெர்சி டீச்சர், சபையிலேயே உரக்க.

முந்நூறு பேரும் ஆமென் என்றார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். யாருக்கும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்து ஜேசுராஜ் மூச்சை விடப் போனார்.

"அந்த அதிகாரத்தையே இப்ப நாம சேர்ந்து வாசிப்போம்," என்றார் ஆயர். "டோனி, ஸ்க்ரீன்ல போடுங்க."

டோனி சபைச் செயலாளர். கையேட்டைத் தட்டச்சு செய்ததும் அவர்தான், திரைக்கு லேப்டாப் தட்டுவதும் அவர்தான். திரையில் பிலேமோன் ஒன்று வந்தது. அடுத்ததாக எபிரெயர் ஒன்று வந்தது. மறுபடி பிலேமோன் ஒன்று. மறுபடி எபிரெயர். டோனி குனிந்து ஒயரைப் பிடுங்கிச் செருகினார். திரை நீலமாயிற்று.

"ஆயரய்யா, வர மாட்டேங்குது," என்றார். "நேத்து இடியில ஏதோ ஆகிப்போச்சு போல."

"பரவால்ல. நம்ம சார் கையிலதான் குடும்ப பைபிள் இருக்கே." ஆயர் அதே முகத்தோடு மைக்கை நீட்டினார். "சார், நீங்களே உங்க பைபிள்ல இருந்து வாசிங்க. பிலேமோன் ரெண்டு."

மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. தலைசுற்றி விழுந்துவிடலாமா என்று ஜேசுராஜுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தப் பக்கம் விழுவது என்று பார்த்தார். வலது பக்கம் மெழுகுவர்த்தி. இடது பக்கம் ஷெரின். ஷெரின் அவரைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அதை வாங்கிக்கொள்ளக் கையை உயர்த்தினாள்.

அவள் கை எட்டுவதற்கு முன்னால் அவர் மைக்கைப் பிடித்தார்.

"அப்படி ஒரு அதிகாரம் இல்லீங்க," என்றார். பயிற்சி செய்த குரல் எதுவும் அதில் இல்லை. "பிலேமோன் ஒரே அதிகாரம். நாங்க வாசிக்கல. ஒம்பது நாள் வாசிச்சோம், மிச்சத்த நான் உக்காந்து எழுதினேன். எம் பொண்ணு கண் கலங்கினான்னு எழுதினது பொய். அவ நிஜமா அழுதா, ஆகஸ்டுல. நான் பாக்கல. பாத்திருந்தா எழுதியிருக்க மாட்டேன், பக்கத்துல போய் உக்காந்திருப்பேன்னு... சொல்லத் தெரியல. அதும் நிச்சயமில்ல."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கைக்குட்டைக்காரர் கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். பெர்சி டீச்சர் தலை குனிந்து தன் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். டோனியின் லேப்டாப் மூடப்படும் ஓசை கேட்டது. ஆயர் தன் கையில் இருந்த கையேட்டைப் பார்த்தார். முகவுரையில் அவர் படம் போட்டிருந்தது. அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை என்பதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள்.

ஷெரினின் கை கீழே இறங்கி, அவருடைய சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"சரி சார்," என்றார் ஆயர் கடைசியில். "இருக்கிற அதிகாரத்தையாவது வாசிப்போம். எல்லாரும் அவங்கவங்க பைபிள எடுங்க."

அப்போது கோயில் முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது. வருஷக் கணக்கில் திறக்காத ஜிப்புகள் வரிசை வரிசையாகத் திறக்கிற சத்தம். ஜேசுராஜின் உடம்பில் இருந்த நடுக்கமெல்லாம் அந்தச் சத்தத்தோடு வெளியே போனது போலிருந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அவருக்குப் பயமில்லை. அது போதாதென்று கொஞ்சம் பெருமையும் வந்தது. உண்மை பேசுகிறவன் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, கக்கத்திலிருந்து உறையை எடுத்தார்.

தங்கம் அவர் முழங்கையைப் பிடித்தாள். போனிலேயே வாசியுங்கள் என்று கிசுகிசுத்தாள். ஜிப் கிழிந்துவிடும் என்றாள். என்னங்க, சொன்னாக் கேளுங்க என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இருக்கட்டும் தங்கம்," என்றார் ஜேசுராஜ், மைக்கிலேயே. "இனிமே நம்ம வீட்டுல மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

ஜிப்பில் துரு எதுவும் இல்லை. ஒரே இழுப்பில் திறந்துகொண்டது. உள்ளே இருந்தது 2023ஆம் வருஷத்து உரக்கடை டைரி. அவர்கள் வீட்டு பைபிள் கடைசி பெஞ்சில் ஹாலாஸ்யத்தின் மடியில் இருந்தது.